பொட்டு விழுங்கிய உருண்டை

பேயாண்டிக்குக் கழற்றத் தெரியும், மாட்டத் தெரியாது. அலங்காநல்லூரில் அவனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நானும் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

அவன் என் கூடப்பிறந்த தம்பி மகன். என் மகள் சுபலட்சுமியைக் கட்டியவன். மாப்பிள்ளையை 'வாங்க, போங்க' என்றுதான் பேச வேண்டுமாம், மகள் சொல்கிறாள். மூக்கொழுகத் திரிந்தவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நான். எனக்கு அது வாயில் வரவில்லை. இனிமேலும் வராது. 'மாப்ள' என்கிறேன், அம்புட்டு மரியாதை போதும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருப்பது அவர்கள் மகள் பவதாரிணி. அப்பனைப் பற்றிய பேச்சு என்பதால் சில இடத்தில் பேனா நிற்கிறது. நான் விடுவதில்லை, எழுதித்தான் ஆகணும்.

பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே என் வீட்டு ரேடியோவைக் கழற்றினான். பிறகு என் தம்பியின் பம்புசெட் மோட்டாரை, அதுவும் நாற்று நடுகிற வாரத்தில். கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த மிக்ஸி இன்றைக்கும் அவன் கட்டிலுக்குக் கீழே ஒரு சாக்கில் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறது. வீட்டுக் கூடத்து ஃபேன் இரண்டு இறக்கையோடுதான் சுற்றுகிறது.

"மூணாவது றெக்கை எங்க மாப்ள?" என்று கேட்டேன்.

"ரெண்டு போதும் அத்தே. காத்து வருதுல்ல?"

வருகிறதுதான். ஃபேன் ஆடுகிற ஆட்டத்துக்கு அதன் கீழே படுக்கத்தான் ஆள் இல்லை.

கெட்டவன் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரு பொருள் ஓடுகிறது என்றால் எதனால் ஓடுகிறது என்று பார்த்தே ஆகவேண்டும் அவனுக்கு. பார்த்த பிறகு ஆசை தீர்ந்துவிடும், பொருள் விரித்தபடியே கிடக்கும். தொழிலும் அப்படித்தான். சொட்டுநீர்க் குழாய் போட்டான், செல்போன் கடை வைத்தான், இளநீர் விற்றான், குட்டியானை வண்டி ஓட்டினான். ஒவ்வொன்றையும் விட்டதற்கு ஒரு நல்ல காரணம் வைத்திருப்பான். கேட்டால் நாமே தலையாட்டிவிடுவோம்.

சுபலட்சுமி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தால், அவளுடைய ஸ்கூட்டி கோணிப்பையின் மேல் துண்டு துண்டாக விரித்துக் கிடந்தது. அவள் கத்தவில்லை. அவள் கத்தாவிட்டால்தான் பயப்படணும். வீட்டிலிருந்த திருப்புளி, ஸ்பானர், கட்டிங் பிளேயர் அத்தனையையும் பழைய சேலையில் மூட்டையாகக் கட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, அவனைப் பஸ்ஸில் ஏற்றி அழகர்கோயிலுக்குக் கூட்டிப்போய்விட்டாள். "நீ சொல்லாம இனிமே ஒரு ஸ்க்ரூவைத் தொடமாட்டேன்" என்று பதினெட்டாம்படிக் கருப்பன் முன்னால் சத்தியம் வாங்கினாள்.

எங்கள் பக்கத்தில் கோர்ட்டில் பொய் சொல்பவன்கூடக் கருப்பன் முன்னால் சொல்லமாட்டான். பேயாண்டி அதோடு அடங்கினான். இரண்டு இறக்கை ஃபேனை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மிசின் வந்து சேர்ந்தது.

மதுரையில் ஒரு விளையாட்டு ஹாலில் பழைய மிசின்களைக் கழித்துக்கட்டினார்கள். குட்டியானையை அப்போது இன்னும் விடவில்லை, லோடு ஏற்றப் போனவன் பேயாண்டி. இரும்புக்குப் போகவிருந்த ஒன்றை, வண்டி வாடகைக்குப் பதிலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். பீரோ உயரம். முகத்தில் டிவி மாதிரி ஒரு திரை. அதற்குக் கீழே சரிந்த பலகை. பலகை நடுவில் ஒரு சிவப்பு உருண்டை, நல்ல சாத்துக்குடி அளவு. பாதி உள்ளே புதைந்திருக்கும், பாதி வெளியே தெரியும். அதை உள்ளங்கையால் உருட்டணும். நாம் உருட்டுகிற வேகத்துக்குத் திரையில் ஒரு பந்து ஓடி, எதிரே நிற்கிற பத்துக் குப்பியை அடித்துச் சாய்க்கும். எல்லாம் சாய்ந்துவிட்டால் மிசின் கோழி மாதிரிக் கொக்கரிக்கும். அதற்கு எழுத்தும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். நானும் உருட்டினேன். முதல் தடவையே கொக்கரித்தது. இதை எழுதாமல் விட்டால் பேத்திக்கு இன்றைக்குச் சாப்பாடு கிடையாது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் காளை என்று ஒருவர் பேக்கரி வைத்திருக்கிறார். நல்ல ஆகிருதி. பேச்சு கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும், மனசு அப்படி இல்லை. அவர் கடையில் பிளக் பாயிண்ட் உள்ள மூலையைக் கேட்டு மிசினை நிறுத்தினான். வருவதில் ஆளுக்குப் பாதி.

அதன் பிறகு பேயாண்டியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலையில் தலைசீவிச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு ஆபீசர் மாதிரிக் கிளம்புவான். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பஸ் கண்டக்டர்கள், மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க வருகிற ஆட்கள் என்று மூலையில் எப்போதும் கூட்டம். பொங்கலுக்கு ஜல்லிக்கட்டுப் பார்க்க வந்த கூட்டம் வரிசையில் நின்று உருட்டியது. "இது ஒண்ணுதான் அத்தே ஆரம்பம். அடுத்து ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. அப்புறம் நம்மளுக்குன்னு ஒரு ஹாலு" என்பான். யாருக்கும் கைகட்டி நிற்காத ஒரு பிழைப்பு அவனுக்கு வாய்த்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை தவறாமல் மிசினைத் துடைப்பான். சாம்பிராணி போடுவான். விபூதியை அள்ளி நாலு பக்கமும் தூவுவான். பிறகு சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்து, அந்த உருண்டையின் மேல் பொட்டு வைப்பான். வண்டி என்றால் முன்னால் வைக்கிறோம், கிணற்று மோட்டார் என்றால் தலையில் வைக்கிறோம். இதற்கு உருண்டைதானே முகம்?

அதில் ஒரு அதிசயம் இருந்தது. பொட்டு வைத்த கையோடு யாராவது ஒரு பையன் வந்து உருட்டுவான். உருண்டை உள்ளே போய் மறுபக்கமாக வெளியே வரும். பொட்டு இருக்காது. கழுவிவிட்ட மாதிரிப் பளிச்சென்று இருக்கும்.

"பாத்தியா அத்தே! சாமி ஏத்துக்கிருச்சு."

"ஏத்துக்கிருச்சு மாப்ள" என்று நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு இன்னும் விமரிசையாகச் செய்தான். அடை தட்டுகிற மாதிரி சந்தனத்தை அப்பினான். காளை திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார். அம்புட்டுச் சந்தனத்தையும் உருண்டை ஒரே சுற்றில் வாங்கிக்கொண்டது. கூடி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

தீபாவளிக்கு முன்பே உருண்டை மந்தமாகிவிட்டது. தள்ளினால் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். திரையில் பந்து வயிற்றுவலிக்காரன் மாதிரி நகர்ந்து, குப்பிக்குப் போகும் முன்பே ஓரத்தில் விழும்.

"அண்ணே, உருண்டை மூச்சு வாங்குதுண்ணே" என்றார்கள் பிள்ளைகள். கண்டக்டர் ஒருவர் ஓங்கித் தள்ளியதில் அவருக்கு மணிக்கட்டு பிசகிக்கொண்டது.

திறந்து பார்க்கணும். அது பேயாண்டிக்கும் தெரியும். அவன் கை அரித்தது எனக்கே தெரிந்தது. ஆனால் கருப்பன் மேல் சத்தியம் இருக்கிறதே. பெண்டாட்டியிடம் போய்க் கேட்கவும் முகம் இல்லை, ஸ்கூட்டியை இன்னும் அவள் மறக்கவில்லை. என்னிடம் வந்தான்.

"அத்தே, தொறக்காம சரி பண்ண ஏதாச்சும் வழி இருக்கா?"

"இறுகிக் கெடந்தா வெளக்கெண்ணெய் விடுடா. கதவு, கப்பி, வண்டி அச்சு எல்லாத்துக்கும் அதைத்தான விடுறோம்?"

விட்டான். உருண்டையைச் சுற்றி இருக்கிற இடுக்கு வழியாக விட்டான். அன்றைக்கு மிசின் பறந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் உருண்டை மேலே வழவழவென்று சுற்றுகிறது, திரையில் பந்து நின்ற இடத்திலேயே நிற்கிறது. பற்றவில்லை போலிருக்கிறது என்று மேலும் விட்டான். இன்றைக்கும் நான் சொல்கிறேன், விளக்கெண்ணெயின் மேல் ஒரு தப்பும் இல்லை. விட்ட இடம்தான் தப்பு.

எண்ணெய் உருண்டையோடு நிற்கவில்லை. விளையாடின பிள்ளைகள் அதே கையோடு போய் பேக்கரிக் கண்ணாடியில் சாய்ந்தார்கள். கண்ணாடி முழுக்கக் கை. பிறந்தநாள் கேக் வாங்க வந்த ஒரு அம்மாவின் வெள்ளைப் பெட்டியில் ஐந்து விரலும் பதிந்தது. காளை பேயாண்டியைக் கூப்பிட்டார்.

"மாப்ள, இது பேக்கரியா, எண்ணெய்ச் செக்கா?"

"ரெண்டு நாள்ல சரியாயிரும்ணே."

"நீ சொல்ற ரெண்டு நாளுதான் எனக்குத் தெரியுமே. ஐஸ்கிரீம் கம்பெனிக்காரன் திங்கக்கிழமை பிரீசர் இறக்குறான். பிளக் பாயிண்ட் இருக்க மூலை அது ஒண்ணுதான். நீ எடுத்துக்க."

"அண்ணே, அண்ணே. ஞாயித்துக்கெழமை சாயந்தரம் வரைக்கும் பொறுங்கண்ணே. அதுக்குள்ள ஓட்டிக் காட்டுறேன்."

"ஓடலைன்னா?"

"நானே தூக்கிட்டுப் போயிர்றேன்."

காளை யோசித்தார். "சரி. ஞாயித்துக்கெழமை நானே உருட்டிப் பாப்பேன்" என்றார்.

இந்தச் செய்தி கொட்டாம்பட்டி வரைக்கும் போய்விட்டது. அங்கே என் மகன் சிவக்குமார் அரிசி மில் வைத்திருக்கிறான். சுபலட்சுமிக்கு அண்ணன். சனிக்கிழமை போன் போட்டான். பேயாண்டி ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"மாப்ள, அந்தப் பெட்டியை இரும்புக்குப் போட்டுட்டு வந்துருங்க. மில்லுல மேற்பார்வை பாருங்க. தங்குறதுக்கு ரூமு இருக்கு. மாசம் பொறந்தா சம்பளம்."

"யோசிச்சுச் சொல்றேன் மச்சான்."

"இன்னும் என்ன மாப்ள யோசனை? இத்தனை நாளா யோசிச்சதெல்லாம் சாக்குலதான கெடக்கு."

என் மகன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் போனை வைத்த பிறகு பேயாண்டியின் முகத்தை நான் பார்த்தேன். சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது மாடு திரும்பிப் பார்க்குமே, அது மாதிரி இருந்தது. மச்சான் மில்லில் உட்கார்ந்து மச்சான் கொடுக்கிற சம்பளத்தை வாங்குவது ஒருநாள் இரண்டுநாள் கதை இல்லை. போனால் போனதுதான். அவன் ஹால், அவன் பேர் போட்ட போர்டு, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கிளம்புகிற அந்தக் காலை, எல்லாம் அத்தோடு முடிந்துவிடும்.

சுபலட்சுமி கடையிலிருந்து வந்தாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது. அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, அதில் கையே வைக்கவில்லை.

"என்ன மாமா, அண்ணன் பேசுச்சா?"

"ம்."

"போறியா?"

"நீ போகச் சொன்னா போறேன்."

"நான் என்னைக்குப் போகச் சொன்னேன்? அந்த மிசினுக்கு என்னதான் ஆச்சு?"

"தொறந்து பாத்தாத்தான தெரியும்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே.

"அப்ப தொறக்க வேண்டியதுதான?"

"கருப்பன் இருக்கான்ல."

சுபலட்சுமி அவனைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன், கண் கலங்கியிருந்தது. எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தாள். சேலை மூட்டையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். பிறகு ஒரு துணியை மஞ்சளில் நனைத்து, ஒரு ரூபாயை அதில் முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

"நான் வாங்குன சத்தியத்தை நானே எடுத்துக்கிறேன் கருப்பா, கோவிச்சுக்காத" என்று கும்பிட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு மாமா. கழட்டுறது நீ. மாட்டுறப்ப நான் கூட இருப்பேன்."

அதற்குப் பிறகுதான் சோறு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பேக்கரிக்குப் போய், மிசினின் வயிற்றுக்குள் மல்லாக்கப் படுத்து, உருண்டை உட்கார்ந்திருக்கிற பெட்டியை மட்டும் கழற்றி உரச் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். பவதாரிணி அன்றைக்கு ஊரில் இல்லை. நாங்கள் மூன்று பேரும் முற்றத்தில் பாய் விரித்தோம். சுபலட்சுமி அடுப்படியிலிருந்து இட்லித் தட்டை எடுத்து வந்தாள்.

"என்னடி இது?"

"கழட்டுற ஸ்க்ரூவை வரிசையா குழிக்குள்ள போடணும். முதல்ல கழட்டுனது முதல் குழி. மாட்டுறப்ப கடைசிக் குழியில இருந்து திரும்பி வரணும்."

"இட்லி ஊத்துற தட்டுல ஆணியைப் போடுவாங்களாடி? சாமி குத்தம்!"

"அப்ப நீங்க நியாபகம் வச்சுக்கிறீங்களாம்மா?"

தட்டை நானே துடைத்துக் கொடுத்தேன். ஆனாலும் அந்தத் தட்டில் நான் அதற்குப் பிறகு இட்லி சாப்பிடுவதில்லை. அவர்கள் சாப்பிடுகிறார்கள்.

பேயாண்டி மேல் வளையத்தைக் கழற்றினான். உருண்டையைத் தூக்கினான்.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

உள்ளே ஒரு சின்னக் கோயிலே இருந்தது. உருண்டைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இரும்பு உருளை, மூன்றாவது மூலையில் தனியாக ஒரு சின்ன பேரிங். அதன் மேல்தான் உருண்டை உட்கார்ந்து சுற்றுகிறது. அந்த உருளைகளைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாக மோதிரம் போட்ட மாதிரி கெட்டியாக ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமைச் சந்தனம், ஆயுத பூஜைச் சந்தனம், குங்குமம், அதன் மேல் கண்டவர் கை வியர்வை, பப்ஸ் தூள், தலைமுடி, எல்லாவற்றுக்கும் மேலே விளக்கெண்ணெய் ஊறிப்போய், அடிப்பிடித்த பொங்கல் பானை மாதிரி இருந்தது. வாசனை மட்டும் நன்றாக இருந்தது.

சுபலட்சுமிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சாமி ஏத்துக்கிருச்சா மாமா?"

அவ்வளவுதான், பாயிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பேயாண்டி என்னைப் பார்த்தான். நான் கூடத்து ஃபேனைப் பார்த்தேன்.

"ஏத்துக்கிட்டுப் பத்திரமா வச்சிருக்குடி. எங்கயும் போயிறலைல்ல?" என்றேன்.

பிறகு வேலை தொடங்கியது. ஊசி போடும் முன்பு தடவுவார்களே ஸ்பிரிட், அதை மருந்துக்கடையிலிருந்து வாங்கி வந்திருந்தாள். பஞ்சில் நனைத்து உருளைகளைத் துடைத்தார்கள். மேலோட்டமாக வந்தது, மோதிரம் அசையவில்லை. ஐஸ் குச்சியைச் சீவி ஊறவைத்து ஊறவைத்துச் சுரண்டினார்கள். கத்தி எடுத்து வந்தேன், வேண்டாம், இரும்பில் கீறல் விழுந்தால் உருண்டை தடுக்கும் என்றான். சரிதான் என்று வைத்துவிட்டேன். உருண்டையைச் சோப்புத் தண்ணீரில் கழுவினாள். சீயக்காய் போட்டால் இன்னும் பளபளக்கும் என்றேன், யாரும் கேட்கவில்லை. பழைய வேட்டியில் துடைத்து வைத்ததும் புதுப் பழம் மாதிரி இருந்தது.

உருளை முனையில் சீப்புப் பல் மாதிரி வெட்டின ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்க்கிற இரண்டு சின்னக் கண்ணுக்கு நடுவில் அது சுற்றும். கண் அந்தப் பல்லை எண்ணித்தான் திரையில் பந்தை நகர்த்துகிறதாம். அந்தக் கண்ணெல்லாம் விபூதி அப்பிக் கிடந்தது. கண்ணை மறைத்தால் யாருக்குத்தான் எண்ண வரும்? மை தீட்டுகிற மெல்லிய பிரஷால் தட்டித் தட்டி எடுத்தான்.

அடுத்தது பேரிங்குகள். ஒவ்வொன்றையும் விரலில் மாட்டிச் சுற்றிவிட்டுக் காதில் வைத்துக் கேட்டான். கரகரவென்றது. பெட்ரோலில் ஊறப்போட்டுக் கழுவி, காயவைத்து, தையல் மிசின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டான். இந்தத் தடவை பேரிங்குக்கு உள்ளே மட்டும். உருளைக்கும் கிடையாது, உருண்டைக்கும் கிடையாது. அது இரண்டும் வறண்டு கிடந்தால்தான் ஒன்றை ஒன்று பிடிக்கும். எல்லாம் வழிக்கு வந்தன, மூலையில் இருந்த சின்னது மட்டும் வரவில்லை. அது உள்ளே நொறுங்கிப்போயிருந்தது. சுற்றினால் சிக்கிச் சிக்கி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை. மதுரையில் பேரிங் கடை திறந்திருக்காது. பேயாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"போச்சுடி. கொட்டாம்பட்டிதான்."

"அம்புட்டையும் கழட்டிச் சாக்குல போட்டு வச்சிருக்கியே, அதுல இந்த மாதிரி ஒண்ணுகூடவா இல்லை?" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். அவன் நிமிர்ந்தான். எழுந்து ஓடினான்.

கட்டிலுக்குக் கீழே கிடந்த சாக்கை இழுத்துவந்து முற்றத்தில் கவிழ்த்தான். மிக்ஸி, ரேடியோ, சைக்கிள், குழாய், யார் யார் வீட்டுப் பொருளோ. அவன் வாழ்க்கை முழுக்க அங்கே கொட்டிக் கிடந்தது. குனிந்து கிளறினான். ஒரு குட்டிப் பேரிங்கை எடுத்து, நொறுங்கினதோடு ஒட்டிப் பார்த்தான். அச்சாக அதே அளவு.

"எதுல இருந்ததுடா?"

பேரிங்கைத் துடைத்துக்கொண்டே வாய்க்குள் முனகினான். அது பவதாரிணியின் சக்கரச் செருப்பில் இருந்தது. ஸ்கேட்டிங் பழகணும் என்று அழுது வாங்கினாளே, அது. ரயிலில் தொலைந்துபோய்விட்டது என்று அப்பன்காரன் அவளிடம் சொல்லியிருந்தான்.

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. நிற்கட்டும். அப்பாவும் மகளும் அப்புறம் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

இனி மாட்டுகிற வேலை. அவன் கை தயங்கியது. கழற்றும்போது எம்புட்டு வேகம்! இப்போது ஸ்க்ரூ நழுவி நழுவி விழுந்தது. சுபலட்சுமி இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடைசிக் குழி மாமா. இந்தா."

மாட்டினான்.

"அடுத்த குழி. குட்டை ஸ்க்ரூ ரெண்டு."

மாட்டினான். ஒவ்வொரு குழியாகக் காலியானது. கடைசியில் தட்டில் ஒன்றுமே இல்லை. நம்பாமல் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, தட்டிப் பார்த்தான். அவன் பிறந்ததிலிருந்து ஒரு பொருளைக் கழற்றி எதுவும் மிஞ்சாமல் மாட்டினது அன்றைக்குத்தான். உருண்டையை விரலால் சுண்டினான். சத்தமே இல்லாமல் சுற்றியது, சுற்றியது, நிற்கவே இல்லை. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

சாயந்தரம் மூன்று பேருமே பேக்கரிக்குப் போனோம். காளை பஜ்ஜிக் கூட்டத்தை அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன மாப்ள, ஆச்சா? குடும்பத்தோட வந்திருக்க. தூக்கிட்டுப் போக ஆளுங்களா?"

"உருட்டுங்கண்ணே."

காளை தன் பெரிய உள்ளங்கையை உருண்டையின் மேல் வைத்து முன்னால் தள்ளினார். திரையில் பந்து விருட்டென்று புறப்பட்டு, நேராகப் போகாமல் பக்கவாட்டில் ஓடிச் சுவரில் முட்டியது.

"ஏய், என்னடா இது? முன்னால தள்ளுனா பக்கத்துல போகுது. மிசினும் உன்னை மாதிரியே ஆயிருச்சா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பேயாண்டியின் முகம் செத்துவிட்டது. காளை பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தார். பந்து முன்னால் போய்க் குப்பியை அடித்தது.

அப்போது சுபலட்சுமிதான் சொன்னாள். "மாமா, ஓட்டம் நல்லாத்தான இருக்கு. திசைதான மாறிக் கெடக்கு. ரெண்டு உருளைக்கும் ரெண்டு ஒயர் வருதுல்ல, அதை இடம் மாத்திச் சொருகிட்டியோ?"

பேயாண்டி திரும்பவும் மிசின் வயிற்றுக்குள் மல்லாக்கப் போனான். காலிரண்டும்தான் வெளியே தெரிந்தன. காளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரிடம், "கண்ணாடி அலமாரியில இருக்க தேங்கா பன்னு இன்னைக்குப் போட்டதாப்பா?" என்று கேட்டேன். பன் தின்ன எனக்குப் பல் இல்லை. ஆள் கொஞ்சம் கவனம் மாறட்டும் என்றுதான்.

"இப்ப தள்ளுங்கண்ணே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

காளை தள்ளினார். பந்து நேராகப் போனது. நடுக் குப்பியில் விழுந்து, அது பக்கத்துக் குப்பியைச் சாய்த்து, அது இன்னொன்றைச் சாய்த்து, ஓரத்தில் ஒன்று மட்டும் ஆடி ஆடி நின்றுவிட்டது.

"ச்சே! ஒண்ணுதான்!" என்றார் காளை. பிறகு, "இரு, இன்னொண்ணு" என்றார்.

இத்தனை மாதமாக அந்த மிசின் அவர் கடையில் நின்றது. அவர் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. பிள்ளைகள் விளையாட்டு என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. இன்னொன்று, அதற்குப் பிறகு இன்னொன்று. பப்ஸ் கேட்டு ஆள் வந்து நின்றது. "நீங்களே எடுத்துக்கிட்டுக் காசைப் போட்டுட்டுப் போங்கய்யா" என்று திரும்பாமலே சொன்னார். பத்துக் குப்பியும் விழுந்து மிசின் கொக்கரித்தபோது, அந்தப் பெரிய மனுசன் இரண்டு கையையும் தூக்கி, காளையை அடக்கினவன் மாதிரித் தொடையில் தட்டிக்கொண்டார்.

மிசினுக்கு அடியிலிருந்து எழுந்து வந்த பேயாண்டி மெதுவாகக் கேட்டான். "அண்ணே, மூலை?"

"என்ன மூலை?"

"பிரீசர் வருதுன்னீங்களே."

காளை கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். அவருடைய கல்லா மேசை நல்ல காற்று வருகிற இடத்தில், தலைக்கு மேல் தனி லைட்டோடு இருந்தது.

"கல்லாவை இந்தப் பக்கம் தள்ளிருவோம், மிசினுக்குப் பக்கத்துல. அந்த எடத்துல பிரீசரை வச்சு, லைட்டுக்குப் போற ஒயர்ல ஒரு பாயிண்ட் இழுத்துக்கலாம். எனக்கும் உக்காந்த எடத்துல இருந்து..." என்று சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்து வெட்கப்பட்டு, "வியாபாரத்தைப் பாத்துக்க தோதா இருக்கும்ல ஆத்தா?" என்றார்.

"நல்ல தோதுப்பா" என்றேன்.

அங்கேயே நின்றுகொண்டு பேயாண்டி சிவக்குமாருக்குப் போன் போட்டான். "மச்சான், நான் வரலை. மிசின் ஓடுது." அந்தப் பக்கம் என்ன சொன்னானோ தெரியவில்லை. "இல்ல மச்சான், ஒண்ணும் மிஞ்சலை. இட்லித் தட்டுல போட்டுக் கழட்டுனோம்" என்று இவன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சேலை மூட்டை திரும்பப் பீரோவுக்குப் போகவில்லை. ஆணியில் தொங்குகிறது. ஒரு நிபந்தனை உண்டு, இட்லித் தட்டு பக்கத்தில் இருந்தால்தான் திருப்புளியைத் தொடலாம். போன வாரம் ஃபேனின் மூன்றாவது இறக்கை மேலே ஏறியது. நான் அதன் கீழேதான் படுத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பேக்கரிக்கு நானும் போனேன். பேரிங் மாற்றி, கழுவி நிறுத்தின மிசினைப் பொட்டில்லாமல் விட எனக்கு மனசில்லை. சந்தனத்தை நானே குழைத்து எடுத்துப் போயிருந்தேன். விரலில் தொட்டு உருண்டைக்குக் கொண்டுபோனேன். பேயாண்டி எங்கிருந்தோ வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தே! மேல, மேல! நெத்தியில வை."

"முகம் இதுதானடா?"

"இது வாயி அத்தே. நெத்தி மேல இருக்கு."

திரைக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் காட்டினான். நான் எக்கிப் பார்த்தேன், எட்டவில்லை. கல்லாவிலிருந்து காளை எழுந்து வந்து தன் முக்காலியைப் போட்டார். பேயாண்டி என் ஒரு கையையும் அவர் முக்காலியையும் பிடித்துக்கொள்ள, ஏறி நின்று வைத்தேன். நல்ல பெரிய பொட்டாகத்தான் வைத்தேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.